அந்தம்மா ஏன் ஒதுங்கணும்?

போன ஞாயிறு எங்கள் வீட்டில் மூன்று குடும்பங்களுக்குச் சாப்பாடு. புனேவில் குப்பை கொட்ட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தர் வீட்டில் கூடி, சொதியும் இஞ்சித் துவையலுமாக ஒரு பிடி பிடித்துவிட்டு, வெற்றிலை போட்டபடி உலகத்தைத் திருத்துவது எங்கள் வழக்கம். வந்தவர்களில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பதால் பேச்சு அங்கே போனது. 2028-ல் டெமாக்ரட் கட்சி யாரை நிறுத்தும்?

எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணாச்சி. பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். நல்ல மனுஷர், எனக்கு அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவர் சொன்னார்: "2016-லயும் பொம்பள, 2024-லயும் பொம்பள, ரெண்டு தடவையும் அடி. இன்னொரு தடவை அந்தத் தப்பச் செய்யக் கூடாது தங்கச்சி. இதுக்கெல்லாம் ஆரம்பம் 2008. அப்பவே அந்த ஹிலரியம்மா மரியாதையா ஒதுங்கியிருந்தா கட்சி ரெண்டாப் போயிருக்குமா? விட்டுக்கொடுக்கத் தெரியாத பொம்பள."

எல்லா ஆண்களும் தலையாட்டினார்கள். என் ரங்கமணி ஆட்டவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. என்னைப் பார்த்து "வேண்டாம்" என்று கண் காட்டினார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சண்டை போடக்கூடாது என்று பாயசத்தை எடுத்துவர உள்ளே போய்விட்டேன். வாயில் வந்ததையெல்லாம் முழுங்கியதில் ராத்திரி தூக்கம் வரவில்லை. முழுங்கினது இங்கே.

முதலில் ஒரு சின்ன கணக்கு. 2008-ல் கட்சி ரெண்டாகப் போனதாம். அண்ணாச்சி, அந்த வருஷம் கட்சி ஜெயித்தது! 538-ல் 365 எலக்டோரல் ஓட்டு. 1964-க்குப் பிறகு டெமாக்ரட்டுகள் எட்டிப் பார்க்காத இண்டியானாவும், 1976-க்குப் பிறகு கை நழுவிப் போன நார்த் கரோலினாவும் அந்த வருஷம் ஒபாமாவுக்கு விழுந்தன. அந்த இரண்டு மாநிலங்களிலும் ப்ரைமரி நடந்தது மே 6-ம் தேதி. பொதுவாக அந்த நேரத்துக்கு எல்லாம் முடிந்து, வேட்பாளர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். "அந்தம்மா" ஒதுங்காததால்தான் ஒபாமாவின் ஆட்கள் அங்கே வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டி வந்தது, புது வாக்காளர்களைச் சேர்க்க வேண்டி வந்தது. ப்ரைமரிக்காகத் தட்டிய கதவு நவம்பரிலும் திறந்தது. அது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. பொருளாதாரம் கவிழ்ந்து கிடந்த வருஷம் அது. ஆனால் அந்த நீண்ட போட்டியால் கட்சி நாசமாகப் போனது என்பதற்கு ஆதாரம் எங்கே?

இங்கே ப்ரைமரி பற்றி ரெண்டு வரி. ஒரு கட்சிக்குள் யார் வேட்பாளர் என்று மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு, டெலிகேட்டுகளைச் சேர்ப்பது. அதற்கு மேல் 2008-ல் கட்சிப் பெரிய தலைகள் சுமார் 800 பேர், சூப்பர் டெலிகேட் என்ற பெயரில் இஷ்டப்பட்டவருக்கு ஆதரவு தரலாம் என்று இருந்தது. 2008-ல் ஜனவரியிலிருந்து ஜூன் வரை போட்டி. இரண்டு பேருக்கும் தலைக்கு ஏறக்குறைய ஒண்ணே முக்கால் கோடி ஓட்டு. மக்கள் ஓட்டில் கிடைத்த டெலிகேட்டுகளை மட்டும் வைத்து ஒபாமாவாலும் இலக்கை எட்ட முடியவில்லை, ஹிலரியாலும் முடியவில்லை. ஒபாமா முன்னால் இருந்தார், நிஜம். ஆனால் ஆட்டம் முடியவில்லை.

2008-ல் நான் ஹிஞ்சவாடியில் ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பார்க்கும் டீமில் இருந்தேன். மத்தியானம் 2 மணிக்குப் போனால் ராத்திரி 11 மணிக்குத்தான் கேப். கான்டீன் டிவியில் எப்போதும் அமெரிக்கத் தேர்தல். எங்கள் பையன்கள் அத்தனை பேரும் ஒபாமா ரசிகர்கள். நானும்தான், மறைப்பானேன். எனக்கு ஓட்டு இருந்திருந்தால் அவருக்கே போட்டிருப்பேன். 2002-ல் இராக் போருக்குக் கை தூக்கிய ஹிலரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆகவே நான் ஏதோ ஹிலரி மகளிர் மன்றத் தலைவி என்று நினைத்துவிடாதீர்கள் :-)

ஆனால் டிவியில் ஓடியது இராக் பற்றிய பேச்சு இல்லையே. அந்தம்மா சிரித்தால் அது சிரிப்பு இல்லை, "கொக்கரிப்பு". 2007-லேயே வாஷிங்டன் போஸ்ட்டில் அவர் ரவிக்கைக் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று ஒரு கட்டுரை. டக்கர் கார்ல்சன் என்ற டிவிக்காரர், இவர் திரையில் வந்தாலே தன்னையறியாமல் கால்களைக் குறுக்கே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். தொடைக்கு நடுவில் வைத்து வால்நட் உடைக்கிற ஹிலரி பொம்மை விமான நிலையக் கடைகளில் விற்றது. கிறிஸ் மேத்யூஸ், அவர் செனட்டர் ஆனதே புருஷன் செய்த தப்பால் வந்த அனுதாபத்தில்தான் என்கிற ரீதியில் பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். மெக்கெய்ன் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, நாயைக் குறிக்கும் அந்த வசைச் சொல்லைச் சொல்லி "இவளை எப்படித் தோற்கடிப்பது?" என்று கேட்டபோது, மெக்கெய்ன் சிரித்துவிட்டு "அருமையான கேள்வி" என்றார். கேட்டதும் ஒரு பெண்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர். அயோவாவில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு வந்து நிற்கிறார். சேலம் என்ற ஊரில் (நம்ம சேலம் இல்லை, அதற்குள் குதிக்காதீர்கள்) கூட்டத்தில் இரண்டு ஆண்கள் எழுந்து "என் சட்டைக்கு இஸ்திரி போடு" என்று கத்தினார்கள். அதே வாரம் ஒரு காபிக் கடையில், "எப்படித் தாக்குப் பிடிக்கிறீங்க?" என்று ஒரு பெண் கேட்டதும் ஹிலரிக்குக் கண் கலங்கி, குரல் உடைந்தது. அவ்வளவுதான். நேற்று வரை "இரும்பு, உணர்ச்சியே இல்லை" என்றவர்கள் இன்றைக்கு "அழுமூஞ்சி, இவளிடம் ராணுவத்தைக் கொடுப்பதா?" என்றார்கள். கூடவே "நடிப்பு" என்றும் சொன்னார்கள். அழாவிட்டால் கல், அழுதால் நாடகம். எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

கான்டீனில் பையன்கள் சட்டை இஸ்திரி ஜோக்கை ஒரு வாரம் ஓட்டினார்கள். அதில் ஒருத்தன் சொன்னான்: "நாங்க 1966-லயே இந்திரா காந்தியப் பிரதமராக்கிட்டோம், அமெரிக்காக்காரன் இப்பத்தான் யோசிக்கிறான்." இந்தப் பெருமை நம் எல்லாருக்கும் உண்டு. அதே 2008 மே 6, இண்டியானாவும் நார்த் கரோலினாவும் ஓட்டுப் போட்ட அதே நாள், டில்லியில் ராஜ்யசபாவில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா அறிமுகமானது. சட்ட அமைச்சர் பரத்வாஜ் கையிலிருந்து அந்தக் காகிதத்தை யாரும் பிடுங்கிவிடாமல் இருக்கப் பெண் அமைச்சர்கள் அரண் மாதிரி நிற்க வேண்டியிருந்தது. 2010-ல் ராஜ்யசபாவைத் தாண்டி, லோக்சபாவில் தூங்கியே செத்து, 2023-ல்தான் சட்டமாயிற்று. அதுவும் உடனே அமலுக்கு வருகிற மாதிரி இல்லை. முதலில் சென்சஸ், பிறகு தொகுதி மறுவரையறை என்று எழுதி வைத்தார்கள். 1966 பெருமையைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒதுங்கச் சொன்ன கதை.

மார்ச் 4-ம் தேதி ஓஹையோவிலும் டெக்சஸ் ப்ரைமரியிலும் ஹிலரி ஜெயித்தார். அதே மாதக் கடைசியில் பாட்ரிக் லீஹி என்ற மூத்த செனட்டர், ஹிலரி விலகிக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். டிவி அதைப் பிடித்துக்கொண்டது. இன்னும் பத்து இடங்களில் ஓட்டுப்பதிவு பாக்கி. ஏப்ரலில் பென்சில்வேனியாவில் ஜெயித்தார். மே மாதம் வெஸ்ட் வர்ஜீனியாவில் 41 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயிக்கிறவளைப் பார்த்து "போதும் போ" என்கிற வேடிக்கையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? (ஒபாமாவைக் குறை சொல்லக்கூடாது. அவர் விரும்புகிற வரை நிற்கட்டும் என்றுதான் அந்த மனுஷன் சொன்னார். அவரைவிட அவர் பக்தர்களுக்குத்தான் அவசரம்.)

1976-ல் ரீகன் தன் கட்சியின் பதவியில் இருக்கும் ஜனாதிபதியையே எதிர்த்து மாநாடு வரைக்கும் மல்லுக்கட்டினார். 1980-ல் டெட் கென்னடி, கார்ட்டரைவிட ரொம்பவே பின்தங்கியிருந்தும் மாநாட்டு மேடை வரை போய், விதியையே மாற்றச் சொல்லிக் கேட்டார். 1984-ல் கேரி ஹார்ட், 1988-ல் ஜெஸ்ஸி ஜாக்சன், 1992-ல் ஜெர்ரி பிரவுன், எல்லாரும் மாநாடு வரை. அவர்களை யாரும் திட்டவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கென்னடி அந்த மாநாட்டில் தோற்றுவிட்டுப் பேசிய பேச்சை இன்றைக்கும் போற்றுகிறார்கள். ரீகன் நான்கு வருஷத்தில் ஜனாதிபதி. ஆண் விடாமல் நின்றால் "போராளி". பெண் நின்றால் "பேராசை, பதவி வெறி, குடும்பத்தைப் பிரிக்கிறாள்". அட, கட்சியைப் பிரிக்கிறாள் என்று எழுத வந்தேன். கை தானாக "குடும்பம்" என்று எழுதுகிறது, ஏனென்றால் அந்த வசனம் நமக்கு அங்கேதான் பழக்கம்.

இப்போது என் கதை. இதுவரை ரங்கமணியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

அதே 2008 ஏப்ரல். எங்கள் டீமுக்கு லீட் போஸ்ட் ஒன்று வந்தது. நானும், எனக்கு எட்டு மாதம் கழித்துச் சேர்ந்த ஒரு பையனும் விண்ணப்பித்தோம். இன்டர்வியூவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அதற்கு நான்கு நாள் முன்னால் மேனேஜர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். "நீ நல்ல வொர்க்கர்மா. ஆனா கொஞ்சம் அக்ரஸிவ்னு பேர் இருக்கு. டீம் ரெண்டாப் பிரியுற மாதிரி தெரியுது. நீயா ஒரு மெயில் போட்டு விலகிட்டா பெருந்தன்மையா இருக்கும். அடுத்த வருஷம் உனக்குத்தான்" என்றார். அந்தப் பையனும் கான்டீனில் மேஜையைத் தட்டிப் பேசுகிறவன்தான். அவனுக்கு "டைனமிக்" என்று பேர். அன்று சாயங்காலமே மெயில் அனுப்பிவிட்டேன். வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை, ஷிப்ட் வேலை, எதற்கு வம்பு. எல்லாரும் பாராட்டினார்கள், கேக் கூட வெட்டினார்கள். அடுத்த வருஷம் அந்த மேனேஜரும் இல்லை, போஸ்ட்டும் இல்லை. நான் லீட் ஆனது 2011-ல், வேறு கம்பெனியில்.

இன்டர்வியூவில் உட்கார்ந்து தோற்றிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒன்றுமே இருக்காது. ஒருவேளை அவன் நிஜமாகவே என்னைவிடத் தேவலையாக இருந்திருக்கலாம். அது தெரியாமலே போய்விட்டது. அதுதான் உறுத்துகிறது, போஸ்ட் இல்லை. தோற்கிற உரிமையைக் கூட விட்டுக்கொடுத்துவிட்டு அதற்குப் பெருந்தன்மை என்று கேக் சாப்பிட்டேன் பாருங்கள்.

ஹிலரி அதைச் செய்யவில்லை. ஜூன் 3 வரை, கடைசி ஓட்டு வரை நின்றார். அன்றைக்குக் கூட சவுத் டகோட்டாவில் ஜெயித்தார். ஒபாமா இலக்கைத் தொட்டதும், ஜூன் 7-ம் தேதி வாஷிங்டனில் எழுந்து நின்று, தோற்றேன், எல்லாரும் அவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்றார். ஆகஸ்ட் மாநாட்டில் ஓட்டு எண்ணிக்கையை நடுவில் நிறுத்தி ஒபாமாவை ஏகமனதாக அறிவிக்கச் சொன்னதும் அவரேதான். கட்சி விசுவாசம் என்றால் இதுதான். ஆட்டம் முடிந்த பிறகு காட்டுவது. பாதி ஆட்டத்தில், அதுவும் ஒரு தரப்பிடம் மட்டும் கேட்டு வாங்குவதற்குப் பெயர் வேறு.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. பிப்ரவரியில் வரிசையாகப் பதினோரு இடங்களில் தோற்றது அவர் ஆட்கள் திட்டமிட்ட லட்சணம். ஃப்ளோரிடாவும் மிச்சிகனும் விதியை மீறி முன்கூட்டியே ஓட்டுப்பதிவு வைத்தபோது தண்டனையை மறுக்காமல் இருந்துவிட்டு, பின்னால் ஆள் குறைந்ததும் "அந்த ஓட்டையும் எண்ணு" என்றது அழுகுணி ஆட்டம். மிச்சிகன் சீட்டில் ஒபாமா பெயரே இல்லை. மே மாதம், உழைக்கும் வெள்ளைக்காரர்கள் என் பக்கம் என்று பேட்டி கொடுத்தது அதைவிட மோசம். பெண் என்று ஒருத்தியை அடிக்கிறார்கள் என்பதற்காக, அவள் நிறத்தை வைத்து இன்னொருவரை அடிப்பதை எப்படிச் சரி என்பது? இதில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கறுப்பினப் பெண்கள். நீ முதலில் பெண்ணா, கறுப்பா என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். ஷெர்லி சிஸோம் 1972-லேயே இதே கட்சியில் நின்று, மாநாடு வரை போய், இரண்டு பக்க அடியையும் வாங்கியவர். அவர் பெயரை எங்கள் கான்டீனில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

இனி அடுத்த தரப்பு. இவர்களையும் விடுவதாக இல்லை.

ஓஹையோவில் எங்கள் க்ளையன்ட் ஆபீஸில் ஓர் அம்மா இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. அப்பா தொழிற்சங்கக்காரர், பரம்பரை டெமாக்ரட். வாரம் இரண்டு நாள் எங்களுக்கு ராத்திரி 7.30-க்கு, அவருக்குக் காலை 10-க்கு, அவரோடு கால். வேலை முடிந்ததும் இரண்டு நிமிஷம் அரசியல். ஜூன் மாதம் குரலே மாறிப்போயிருந்தது. "முப்பது வருஷம் இந்தக் கட்சிக்குக் கவர் ஒட்டினேன், கதவு தட்டினேன். இப்ப என் ஓட்டை எண்ணுறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போன்னு சொல்றாங்க. நவம்பர்ல எங்கிட்ட வரட்டும், நான் வீட்டுலயே இருக்கேன்" என்றார். அப்படி நிறையப் பேர். பூமா என்று ஒரு கூட்டமே கிளம்பியது. ("கட்சி ஒற்றுமையாவது மண்ணாங்கட்டியாவது" என்பது அந்தச் சுருக்கெழுத்தின் நாகரிகமான மொழிபெயர்ப்பு.) மார்ச் மாதக் காலப் கருத்துக்கணிப்பில் ஹிலரி ஆதரவாளர்களில் 28 சதவீதம் பேர் ஒபாமா நின்றால் மெக்கெய்னுக்குப் போடுவோம் என்றார்கள். ஒபாமா ஆதரவாளர்களிலும் 19 சதவீதம் பேர் ஹிலரி நின்றால் அதையே செய்வோம் என்றதை மட்டும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பெண்களின் கோபம் என்றால் "ஹிஸ்டீரியா", ஆண்களின் கோபம் என்றால் "கொள்கை".

கோபம் நியாயம். ஆனால் கோபத்தில் மெக்கெய்னுக்குப் போவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. லில்லி லெட்பெட்டர் என்று ஒரு பெண்மணி. அலபாமாவில் டயர் தொழிற்சாலையில் ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்தவர். அதே வேலைக்கு ஆண்களுக்குக் கூடுதல் சம்பளம் என்பது, யாரோ எழுதிவைத்த பெயரில்லாத சீட்டு மூலம்தான் அவருக்குத் தெரிந்தது. வழக்குப் போட்டார். 2007-ல் சுப்ரீம் கோர்ட் 5-4 என்ற கணக்கில், 180 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று தள்ளிவிட்டது. தெரியாத அநியாயத்துக்கு 180 நாளுக்குள் எப்படியப்பா வருவது? அதைச் சரி செய்ய வந்த மசோதாவை மெக்கெய்ன் எதிர்த்தார். ஒபாமா ஜனாதிபதியானதும் முதலில் கையெழுத்துப் போட்ட சட்டம் அதுதான், 2009 ஜனவரி 29. பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கு சோட்டோமேயர், கேகன் என்று இரண்டு பெண்களை அனுப்பினார். 2022-ல் கருக்கலைப்பு உரிமையைக் கோர்ட் பறித்தபோது எதிர்த்து எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர் இவர்கள்தான். 2008-ல் வீம்புக்கு ஓட்டை மாற்றிப் போடச் சொன்னவர்கள் இதையெல்லாம் பணயம் வைக்கச் சொன்னார்கள்.

மெக்கெய்னும் சும்மா இருக்கவில்லை. ஹிலரி மாநாட்டில் விட்டுக்கொடுத்த இரண்டே நாளில் சாரா பாலினைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக்கி, ஓஹையோ மேடையிலேயே ஹிலரியைப் புகழ வைத்தார். ஒரு பொம்பளை போனால் இன்னொரு பொம்பளை, இவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்ற நினைப்புதானே? எங்கள் ஓஹையோ அம்மா அதைக் கேட்டுக் கொதித்த கொதிப்பை நான் மறக்க மாட்டேன். "என்னை என்னன்னு நினைச்சான்? புடவை வாங்க வந்தவளா, இந்தக் கலர் இல்லேன்னா அந்தக் கலர்னு எடுத்துட்டுப் போக?" (புடவை நான் சேர்த்தது. அவர் சொன்னது ஷூ.)

நவம்பரில் பெண்கள் 56-க்கு 43 என்று ஒபாமாவுக்குப் போட்டார்கள். டெமாக்ரட் கட்சிக்காரர்களில் 89 சதவீதம் பேர் அவருக்கே. 2004-ல் ஜான் கெர்ரி என்ற ஆணுக்கு, நீண்ட சண்டை இல்லாத ப்ரைமரிக்குப் பிறகு, விழுந்ததும் அதே 89 தான். எங்கே அண்ணாச்சி கட்சி ரெண்டாப் போச்சு?

"பொம்பளையை நிறுத்தினால் தோல்வி" கணக்குக்கும் வருகிறேன். 2016-ல் ஹிலரி தோற்றது எலக்டோரல் காலேஜில். மக்கள் ஓட்டில் 28 லட்சத்துக்கும் மேல் முன்னிலை. 2024-ல் கமலா ஹாரிஸுக்குப் போட்டியிட ப்ரைமரியே இல்லை. பைடன் ஜூலை 21-ல் விலக, தேர்தலுக்கு மூன்றரை மாதம் இருக்கும்போது கையில் கொடுத்தார்கள். பரீட்சையே வைக்காமல் அனுப்பிவிட்டுப் பெண்கள் பாடத்தில் வீக் என்கிறீர்கள். மாண்டேல், டுகாகிஸ், கோர், கெர்ரி, மெக்கெய்ன், ராம்னி தோற்றார்களே, அடுத்த தடவை ஆம்பளையை நிறுத்தாதீங்கப்பா என்று யாராவது சொதி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்களா?

2028-ல் யார் வேண்டுமானாலும் நிற்கட்டும். தகுதி இல்லாத பெண் நின்றால் தோற்கடியுங்கள், இராக்குக்கு நான் செய்திருப்பேன் என்றேனே அந்த மாதிரி. வாசலிலேயே நிறுத்தி "கட்சி நன்மைக்காக" என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

ஞாயிறு எல்லாரும் போன பிறகு பாத்திரம் ஒழித்துப் போடும்போது மகள் கேட்டாள், "ஏம்மா, அண்ணாச்சி மாமா பேசினப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" அவளுக்கு இப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். அந்த மெயில் கதையை அவளிடம் அன்றைக்குத்தான் முதல்முறை சொன்னேன். கேட்டுவிட்டு, கேக் என்ன ஃப்ளேவர் என்றாள். பைனாப்பிள்.

ஓஹையோ அம்மாவை விட்டுவிட்டேனே. தேர்தலுக்கு மறுநாள் காலில் வந்தார். போட்டீங்களா என்றேன். "போட்டேன். அவருக்குத்தான். ஆனா வாசல்ல அவர் போர்டை மட்டும் நடல" என்றார். அடுத்த மாதம் மறுபடி எங்கள் வீட்டுக் கூட்டம், இந்த முறை அண்ணாச்சி வீட்டில். ரங்கமணி இப்போதே கண் காட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார்.